ப்ரொடக்டிவ் என்றால் உற்பத்தியா, உருப்படியா, ஆக்கமா?

சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வருஷ மதிப்பீட்டில் என் பெயருக்கு எதிரே 'நாட் ப்ரொடக்டிவ்' என்று எழுதிவிட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்கிறேன். இதற்குத் தமிழில் சரியான சொல் என்ன? உற்பத்தித்திறன், ஆக்கபூர்வம், பயனுள்ள, சுறுசுறுப்பான எல்லாம் ஒன்றுதானா? என் கீழே இருக்கிற முப்பது பேருக்கும் நான் தமிழில் குறிப்பு எழுத வேண்டும்." கேள்வி சொல்லைப் பற்றித்தான். ஆனால் படிக்கும்போது எனக்கு வேறொன்று கேட்டது. "நான் நின்ற அந்தப் பத்து மணி நேரத்துக்கு என்ன கணக்கு?" என்றுதான் அவர் கேட்கிறார். சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தால் பாதிப் பதில்தான் ஆகும். இரண்டுக்குமே முயல்கிறேன்.

நான் இருப்பது ஆந்திராவில், நகரியில். 1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சம்பாதித்தது இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்த்து. விவசாயத் துண்டறிக்கை, தொழிற்சாலை அறிவிப்புப் பலகை, மருந்துச் சீட்டு என்று இருபத்தாறு வருஷமாக இதே வேலை. தேசிய உற்பத்தித்திறன் குழு 1958-ல் தொடங்கிய பிப்ரவரி 12-ஐ ஒட்டி வரும் பதாகைகளை மட்டுமே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆகவே சொற்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பொருளாதாரம் நான் படித்ததில்லை; அந்த இடம் வரும்போது தோட்டத்திலும் தறியிலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுவேன்.

முதலில் உறுதியானது. உற்பத்தி வேறு, உற்பத்தித்திறன் வேறு. உற்பத்தி என்றால் மொத்தம் எவ்வளவு வந்தது என்பது. உற்பத்தித்திறன் என்றால் போட்டதற்கு எவ்வளவு வந்தது என்பது. அது ஒரு விகிதம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழே எதை வைக்கிறோம் என்று சொல்லாமல் ஒருவரை உற்பத்தித்திறன் உள்ளவர், இல்லாதவர் என்று சொன்னால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை, மாந்தோப்பில் கற்றுக்கொண்டேன். பத்து மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு நாற்பது மரம் வரும். நெருக்கி நட்டால் அதே ஏக்கரில் பல மடங்கு மரம் நிற்கும். ஏக்கர் கணக்கில் நெருக்கி நட்டவர் ஜெயித்தார். மரத்துக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் பழைய தோப்புக்காரர் ஜெயிப்பார். ஒரு டேங்கர் தண்ணீருக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் மறுபடி மாறும். எங்கள் பக்கம் போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் எங்கோ பாதாளத்துக்குப் போய்விட்டதால், கடைசியில் சொன்ன கணக்குதான் தோப்புக்காரரை ராத்திரி தூங்கவிடாத கணக்கு. மூன்றும் உண்மையான எண்கள்தான். மூன்றையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம்.

மாமரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூராவும் நீலமும் பெரும்பாலும் வருஷா வருஷம் காய்க்கிற ரகங்கள். அல்போன்சா அப்படி இல்லை; ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், அடுத்த வருஷம் கை விரிக்கும். தெலுங்கில் அதற்குக் 'காப்பு இல்லாத வருஷம்' என்பார்கள். அந்த வருஷம் மரம் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். ஆனால் காய்த்து இழந்த மாவுச்சத்தை மரம் திரும்பச் சேர்ப்பதும், அடுத்த பூவுக்கான கிளையை முற்ற வைப்பதும் அப்போதுதான். பொறுக்காதவர்கள் வேரில் கல்டார் ஊற்றுகிறார்கள். அதில் இருக்கும் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்து மரத்தின் வளர்ச்சி ஹார்மோனை அடக்கிப் பூக்கத் தள்ளும். அளவோடு போட்டால் வேலை செய்யும். வருஷா வருஷம் அளவு மீறி ஊற்றிய தோப்புகளில் குருத்து குட்டையாகிக் கொத்துக் கொத்தாய் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்தத் தோப்புதான் ப்ரொடக்டிவ். பத்து வருஷத்தை எடுத்தால் இல்லை. கீழே வைக்கிற எண்ணில் காலமும் சேர்த்தி என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது செயல்திறன். இதை உற்பத்தித்திறனோடு போட்டுக் குழப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. புத்தூர்ப் பக்கத்து விசைத்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 120 ஊடை, அதாவது குறுக்கு இழை, அடிக்கிற தறி, அங்குலத்துக்கு 60 ஊடை வேண்டிய துணி என்றால் நிமிஷத்துக்கு இரண்டு அங்குலம் ஓட வேண்டும். எட்டு மணி நேரத்தில் 960 அங்குலம், அதாவது இருபத்துநாலரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாலையில் அளந்தால் 17 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். தறி 70 சதவீதம் செயல்திறனோடு ஓடியது என்று சொல்லலாம். மீதி 30 எங்கே போனது? நெடுக்கே ஓடும் பாவு இழை அறுந்திருக்கும், ஊடையைக் கொண்டு ஓடும் நாடா மாட்டியிருக்கும், கரண்ட் போயிருக்கும், மட்டமான நூல் வந்திருக்கும். இவற்றில் நெய்கிறவர் கையில் இருப்பது எவ்வளவு? நல்ல நூல் கொடுத்தால் அதே ஆள், அதே தறி, 21 மீட்டர் வரும். ஆக, தறியின் எண்ணை எடுத்து ஆளின் நெற்றியில் ஒட்டுகிறோம். தம்பி, உங்கள் லைனிலும் இதுதான் நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே நின்று பார்க்கவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சுறுசுறுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. சுறுசுறுப்பு என்பது ஆள் எப்படி அசைகிறார் என்பது. என்ன விளைந்தது என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலை இல்லை. பயனுள்ள என்பது வேறு. அது வாங்கிக்கொள்கிறவர் பக்கத்திலிருந்து பேசுகிற சொல். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி செய்தாலும் யாருக்கும் வேண்டாத பெட்டி என்றால் பயன் இல்லை. தெலுங்கில் இதற்கு 'பனிகி வச்சே' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வேலைக்கு வருகிற' என்று பொருள், புழக்கத்தில் 'உதவுகிற' என்று பொருள். நாம் ஒருவரை 'வேலைக்கு ஆகமாட்டான்' என்போமே, அதன் நேர் எதிர்ப்பக்கம். தமிழில் பணி என்பது அரசுப்பணி, திருப்பணி என்று மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. அதே சொல் தெலுங்கில் பனி ஆகி, மாடு மேய்ப்பதிலிருந்து மந்திரி வேலை வரைக்கும் தரையிலேயே இருக்கிறது.

சரி, ஒரு மனிதருடைய நாளைப் பற்றிப் பேசும்போது தமிழர் வாயில் இயல்பாக வருகிற சொல் எது? எனக்குச் சந்தேகமே இல்லை: உருப்படி. "இன்னைக்கு உருப்படியா என்ன பண்ணினே?" என்று அப்பா கேட்டால் உற்பத்தித்திறனைத்தான் கேட்கிறார், ஆனால் மனுஷ பாஷையில் கேட்கிறார். உருப்படுதல் என்றால் உருவம் பெறுதல். சலவைக்காரர் மூட்டையை அவிழ்த்து 'பதினெட்டு உருப்படி' என்று எண்ணுவார். பாட்டுக் கச்சேரிக்காரர்கள் ஒரு கீர்த்தனையை உருப்படி என்பார்கள். ஆக, முடிந்தது, தனியாக நிற்பது, எண்ணக்கூடியது. பாதியில் விட்ட பத்து வேலையைவிட முடித்த ஒரு வேலைதான் உருப்படி. இந்தச் சொல்லில் விகிதம் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஏதாவது ஒன்று ஒரு வடிவத்துக்கு வந்ததா என்ற ஒரே கேள்விதான். தனி மனிதரின் நாளுக்கு இது நியாயமான கேள்வி என்று நினைக்கிறேன்.

அதற்கு எதிர்ச்சொல் வெட்டி. வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு. இந்தச் சொல்லின் பழைய பொருளை எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தால்தான் நன்றாக உணர முடியும். தெலுங்கில் 'வெட்டி சாக்கிரி' என்றால் கூலி கொடுக்காமல் வாங்குகிற கட்டாய வேலை. 1946-ல் தெலங்கானாவில் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சிக்கு அது ஒரு பெரிய காரணம். சோழர் கல்வெட்டுகளில் வரும் வெட்டியும் சம்பளமில்லாத ஊழியம்தான். கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் அந்தக் கொடுமைக்கு வழங்கிய பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் தெலுங்குப் பாலேருவும், தமிழ்ப் படியாளும், வெட்டியும் இருக்கின்றன. இதுவரை சொன்னது உறுதி. வடமொழி 'விஷ்டி'யிலிருந்து இந்தச் சொல் வந்தது என்பதை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். கூலியில்லாத வேலை என்ற பொருள்தான் மெல்ல நகர்ந்து வீண் வேலை என்று ஆனது என்பது என் ஊகம். பொருந்துகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெட்டிக்குப் போனவர் ஏரிக்கரை கட்டியிருப்பார், வாய்க்கால் தோண்டியிருப்பார். ஊருக்கு அதில் விளைச்சல் வந்தது. செய்தவர் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. விளைந்தும் அது வெட்டிதான், ஏனென்றால் பலன் வேறொருவருக்குப் போனது. யாருக்கு விளைந்தது என்ற கேள்வியை நம் முன்னோர் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இங்கே குறள் ஒன்று கட்டாயம் வர வேண்டும். 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்' என்பது 461-ஆம் குறள். போனது என்ன, வந்தது என்ன, பிறகு அதன் வழியாக வரப்போவது என்ன என்று மூன்றையும் எண்ணிச் செய் என்கிறது. இன்றைய உற்பத்தித்திறன் கணக்கு முதல் இரண்டோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மூன்றாவதைத்தான் கல்டார் ஊற்றியவர் எண்ணவில்லை. அந்தக் குறளில் ஊதியம் என்றால் லாபம். இன்று நாம் அதையே சம்பளம் என்ற பொருளில் சொல்கிறோம். முதலாளி பக்கம் இருந்த சொல் தொழிலாளி பக்கம் வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்த இடப்பெயர்ச்சி.

உருப்படியை இவ்வளவு புகழ்ந்தேன், அதில் இருக்கும் ஓட்டையையும் சொல்ல வேண்டும். என் அம்மா எழுபத்தெட்டு வயதில் போனார். கடைசி வரைக்கும் சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பொழுது போச்சு, இன்னைக்கு உருப்படியா ஒண்ணும் பண்ணலை." விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் பிடித்து, எட்டுப் பேருக்குச் சமைத்து, படுத்த படுக்கையாய் இருந்த பாட்டியைக் குளிப்பாட்டி, மறுபடி சமைத்து, பாத்திரம் தேய்த்து முடித்த பிறகு சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. சமைத்தது சாப்பிட்டதோடு போனது, தேய்த்த பாத்திரம் ராத்திரியே அழுக்கானது. எண்ணிக் காட்ட ஓர் உருப்படியும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் படித்தேன். வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள், அப்படி ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிஷம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து 'வேலை செய்யாதோர்' என்ற பெட்டியில் போட்டிருந்ததை 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய செய்தியை நான் தெலுங்கிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் இன்னொரு சொல்லைப் புதிதாகப் பார்த்தேன்: ஆக்கம். ஆக்கபூர்வம் என்று அறிக்கையிலும், ஆக்கம் என்று கவிதைக்கு அடியிலும் போடுகிறோம். வளம், செல்வம், படைப்பு எல்லாம் அதற்குப் பொருள். ஆனால் அந்த வினையை எங்கள் வீட்டில் தினமும் எதற்குப் பயன்படுத்தினோம்? "சோறாக்கிட்டியா?", "குழம்பாக்கி இறக்கு." ஆக்குதல் என்றால் சமைத்தல். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை' என்ற பழமொழியில் ஆக்க என்பதும் அடுப்படிதான். ஒன்று இன்னொன்றாக ஆகும்படி செய்வது ஆக்கம். அரிசி சோறாக ஆவதும், தரிசு வயலாக ஆவதும் அந்த வினையின் முன் ஒன்றுதான். உருப்படியில் இடம் கிடைக்காத என் அம்மாவின் நாளுக்கு ஆக்கத்தில் முதல் இடமே இருக்கிறது. தமிழில் எனக்கு மிகவும் நெருக்கமான சொற்களில் இது ஒன்று. ஆக்கபூர்வமான என்று இழுத்துக் கட்டும்போது மட்டும் அதன் சூடு ஆறிவிடுகிறது. அது விமர்சனம், பேச்சுவார்த்தை போன்றவற்றுக்குப் பொருந்தும்: இடிக்காமல் கட்டுகிற விமர்சனம். தெலுங்கில் 'நிர்மாணாத்மக' என்பதும் அதே இடத்தில் நிற்கிறது. தொழிலாளியைப் பார்த்து 'ஆக்கபூர்வமானவர்' என்று எழுதினால் அவர் நிறைய வேலை செய்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சில இடங்களில் ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் உற்பத்தியை ஒட்டிவிடுவது ஆபத்தாகவும் முடியும். ஒரு மருத்துவமனையின் துண்டறிக்கையைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அதில் 'உற்பத்தி இருமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லவும்' என்று இருந்தது. மருத்துவத்தில் ப்ரொடக்டிவ் இருமல் என்றால் சளி வெளியே வரும் இருமல். அதற்கு எதிர் வறட்டு இருமல். சளி இருமல் என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும். வங்கிக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள், வருமானம் தராத சொத்து என்று நீட்டாமல் வாராக்கடன் என்று முடித்துவிட்டார்கள். மொழியியலில் வேறு மாதிரி, புதுச் சொற்களை உண்டாக்கிக்கொண்டே போகும் விகுதியைத்தான் அங்கே ப்ரொடக்டிவ் என்பார்கள். நன்னூல் உரை தொழிற்பெயருக்குப் பத்தொன்பது விகுதி சொல்கிறது. அதில் 'தல்' இன்றைக்கும் எந்த வினையோடும் ஒட்டும். தட்டச்சிடுதல், பதிவிறக்குதல் என்று நாளைக்கு வரப்போகும் வினைக்கும் தயார். 'காடு' என்ற விகுதி சாக்காடு, வேக்காடு என்று சிலவற்றோடு நின்றுவிட்டது. முதலாவதை நான் 'ஈனும் விகுதி' என்று எழுதுவேன். வாழை குலை ஈனும், பசு கன்று ஈனும். தெலுங்கிலும் மாடு 'ஈனுதுந்தி'. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'முன்னே கொண்டுவருதல்' என்று பொருள். அதற்கு நம்மிடம் இருக்கும் மிக நெருங்கிய வினை இந்த ஈனுதல்தான். ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் அதை எழுத முடியாது, எழுதவும் வேண்டாம்.

இப்போது தம்பியின் படிவத்துக்கு வருகிறேன். உங்கள் பெயருக்கு எதிரே எழுதியதைப் பற்றி மேலாளரிடம் கேட்பதானால், தமிழிலோ தெலுங்கிலோ, 'எதற்கு எவ்வளவு?' என்று கேளுங்கள். ஓர் ஆளுக்கா, ஒரு மணி நேரத்துக்கா, ஒரு மெஷினுக்கா? எந்த மாசத்தில் இருந்து எந்த மாசம் வரைக்கும்? மெஷின் நின்ற நேரம், சரக்கு வராத நேரம் கழித்தார்களா? எண் இருந்தால் காட்டுவார்கள், அதில் உங்கள் குறை இருந்தால் அதுவும் தெரியும். எண் இல்லையென்றால் அவர் சொல்ல நினைத்தது வேறு ஏதோ ஒன்று. மெதுவாக முடிவெடுக்கிறீர்கள் என்றோ, அறிக்கை தாமதமாக அனுப்புகிறீர்கள் என்றோ இருக்கலாம். அதை அதற்கான சொல்லில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கீழே இருக்கும் முப்பது பேருக்கு எழுதும்போது, உற்பத்தித்திறன் என்ற சொல்லை லைனுக்கும் மெஷினுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் எண்ணோடு. ஆளைப் பற்றி எழுதும்போது நடந்ததை எழுதுங்கள். 'எடுத்த வேலையை முடிக்கிறார்', 'ஷிப்டுக்கு இத்தனை பீஸ், திரும்பி வந்தது இத்தனை', 'புதியவர்கள் மூவருக்கு வேலை கற்றுக்கொடுத்தார்' என்று. மூன்றாவதாகச் சொன்னது எந்த எண்ணிலும் ஏறாது, ஆகவே அதைக் கட்டாயம் எழுதுங்கள். வேகம் குறைந்தவர் என்றால் 'வேகம் குறைவு, மார்ச்சில் மெஷின் மாற்றிக் கொடுத்த பிறகு' என்று காரணத்தோடு எழுதுங்கள். படிவம் தெலுங்கிலும் போக வேண்டும் என்றால் லைனுக்கு 'உத்பாதகத' சரியான சொல், ஆளுக்கு அங்கேயும் அது வேண்டாம். எழுதி முடித்ததும் நாலைந்து வாக்கியங்களை இங்கே போடுங்கள் தம்பி, பெயர்களை எடுத்துவிட்டு. பார்த்துத் திருத்தித் தருகிறேன்.